சம்பளம் ஒன்றரை மடங்கு, விலைவாசியும் கூடிய நகரம்: குடும்பத்தோடு கிளம்பலாமா?

படிக்கட்டு கேட்டது:

வணக்கம். வேறொரு நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பிடித்தம் போகாத மொத்தச் சம்பளம் இப்போது வாங்குவதைவிட 50 விழுக்காடு அதிகம். மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். எந்த ஊர், எந்த நாணயம் என்பதெல்லாம் வேண்டாம். வீட்டுக்கு மாதம் வருவதை 100 என்று வைத்துக்கொண்டு கணக்கைச் சொல்கிறேன்.

கைக்கு வரும் சம்பளம்: என்னுடையது 70, மனைவியுடையது 30.

செலவு: வாடகை 18, வீட்டுச் செலவு 22, மகளின் பள்ளி 12, போக்குவரத்து 6, கடன் தவணை 8, பெற்றோருக்கு அனுப்புவது 5, துணிமணி, போன், காப்பீடு போன்ற இதரம் 9. மீதி 20 சேமிப்பு.

மகளுக்கு 14 வயது, மகனுக்கு 4. நாங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் மாமியார் மகனைப் பார்த்துக்கொள்கிறார். அவர் வீடு நடை தூரம்தான்.

நகரங்களின் விலைவாசியை ஒப்பிடும் நம்பியோ இணையதளத்தில் பார்த்தேன். புது நகரத்தில் வாழ்க்கைச் செலவு 25 விழுக்காடுதான் அதிகம் என்கிறது. செலவு 25 ஏறுகிறது, சம்பளம் 50 ஏறுகிறது, அப்படியானால் லாபம்தானே? கணக்கு சரியாக வருகிறது, மனசுதான் ஒப்பவில்லை. எங்கே கோட்டை விடுகிறேன்?

---

பேரேடு:

மனசு சரியாகத்தான் சொல்கிறது. கணக்கில் மூன்று ஓட்டை.

முதல் ஓட்டை அந்த 25. நம்பியோவின் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேராது. வாடகைக்குத் தனிக் குறியீடு, இரண்டும் சேர்ந்த குறியீடு என்று பக்கத்திலேயே வேறு நெடுவரிசைகள் இருக்கும். நியூயார்க்கை 100 என்று வைத்து, பயனர்கள் பதிந்த விலைகளிலிருந்து போடுவது அது. ஊர் மாறும்போது அதிகமாக எகிறும் ஒரே செலவை விட்டுவிட்டு ஒப்பிட்டிருக்கிறீர்கள். மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் நகர விலைவாசிப் பட்டியலை யாராவது நீட்டினால் அதையும் ஒதுக்கிவையுங்கள். ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்களுக்காகத் தயாராகும் பட்டியல் அது. அதில் விலை பார்க்கும் பொருள்கள் உங்கள் வீட்டில் வாங்கும் பொருள்கள் இல்லை.

இரண்டாவது, 50 விழுக்காடு என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. வருமானம் கூடக் கூட வரி விகிதமும் கூடும் படிநிலை வரி உள்ள இடத்தில் கூடுதலாக வருவது முழுக்க உங்கள் மேல்படி விகிதத்தில் வெட்டுப்படும். கைக்கு 40 விழுக்காடு கூடினாலே நல்லது. அப்படியானால் 70 என்பது 98 ஆகும். புது ஊரில் உள்ளாட்சி வரி, தொழில் வரி வேறாக இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. ஏறுவது உங்கள் 70 மட்டும். மனைவியின் 30 ஏறவில்லை. கிளம்புகிற அன்றைக்கு அது பூஜ்யம். கேள்வியில் அந்த 30 ஒரே வரியில் வந்து போகிறது, முடிவு முழுக்க அதன் தலையில்தான் நிற்கிறது.

இனி செலவு. மொத்தத்தை ஒரே எண்ணால் பெருக்காதீர்கள். மூன்று கூறாகப் பிரியுங்கள்.

ஊர் மாறினாலும் மாறாதவை: கடன் தவணை, பெற்றோருக்கு அனுப்புவது, பெரும்பாலான காப்பீடு, போன், இணையத்தில் வாங்கும் பொருள்.

கொஞ்சம் ஏறுபவை: மளிகை, துணி, மருந்து. லாரியில் ஏற்றிக் கொண்டுபோகக்கூடிய எதற்கும் ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் நிற்காது.

எகிறுபவை: அந்த இடத்திலேயே வாங்கியாக வேண்டியவை. வீடு, பள்ளி, குழந்தைக் காப்பகம், வீட்டு வேலைக்கு ஆள், பல் மருத்துவர், குழாய் ரிப்பேர். சம்பளம் கூடிய ஊரில் சேவை ஏன் விலை கூடுகிறது என்பதை பலாசா, சாமுவேல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1964-இல் தனித்தனியே விளக்கினார்கள். அவர்கள் பேசியது நாடுகளைப் பற்றி. ஆனாலும் அதே தர்க்கம் நகரங்களுக்கும் ஓடும்: முடி வெட்டுபவரும் அதே ஊரில்தான் வாடகை கொடுக்கிறார்.

இதை உங்கள் எண்களில் போட்டால் (புது ஊர்ப் பெருக்கல்கள் என் ஊகம், உங்கள் விசாரிப்பை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்):

வாடகை 18 → 40
வீட்டுச் செலவு 22 → 26
மகளின் பள்ளி 12 → 19
போக்குவரத்து 6 → 9
தவணை 8 → 8
பெற்றோர் 5 → 5
இதரம் 9 → 10

கூட்டினால் 117. இதில் இல்லாத இரண்டைச் சேர்க்க வேண்டும். ஊருக்கு வந்து போகும் செலவை ஆண்டுக்குக் கணக்கிட்டு மாதத்துக்குப் பிரித்தால் 3 என்று வையுங்கள். இப்போது அது உங்களுக்கு இல்லவே இல்லை. அடுத்தது மாமியார். இன்றைக்குக் காசில்லாமல் நடக்கும் குழந்தைப் பராமரிப்புக்கு அங்கே விலை உண்டு, இருவரும் வேலைக்குப் போனால் 13 ஆவது ஆகும்.

ஆக நீங்கள் மட்டும் சம்பாதித்தால் வரவு 98, செலவு 120, மாதம் 22 துண்டு விழும். மனைவிக்கு இதே 30-க்கு வேலை கிடைத்தால் வரவு 128, செலவு 133, இன்னும் 5 துண்டு. 45-க்குக் கிடைத்தால் 10 மிஞ்சும், இப்போது மிஞ்சுவதில் பாதி. இப்போதைய 20 சேமிப்பைக் காப்பாற்ற அவருக்கு 55 வர வேண்டும், அல்லது அவருடையது 45 ஆகவும் உங்கள் கைக்கு 108 ஆகவும் வர வேண்டும்.

சேமிப்பை விழுக்காட்டில் பார்க்காமல் தொகையாகப் பாருங்கள். வருமானத்தில் 10 விழுக்காடுதான் சேமிக்கிறேன் என்றாலும், தொகை பெரிதாக இருந்து, பிற்பாடு விலை குறைந்த ஊரில் போய் உட்காரப்போகிறீர்கள் என்றால் அந்தப் பணம் அங்கே கூட நாள் நிற்கும். உங்கள் விஷயத்தில் தொகையே குறைகிறது என்பதால் இந்த வாதம் இப்போதைக்குக் கைகொடுக்காது.

---

ஜன்னல்சீட்:

பேரேடு ஐயா பணத்தைப் பார்த்துவிட்டார். நான் 14 வயதைப் பற்றிச் சொல்கிறேன்.

நாலு வயதுப் பையன் எங்கே போனாலும் ஒரு மாதத்தில் கூட்டாளி பிடித்துவிடுவான். பதினாலு வயதில் பள்ளியும் சிநேகிதமும் ஒரே நேரத்தில் அறுபடுவது வேறு. அமெரிக்காவில் 1990-களில் ஐந்து நகரங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களில் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் வீட்டு வாடகை உதவிச் சீட்டு கொடுத்து, வறுமை குறைந்த பகுதிக்கு மாறச் செய்தார்கள். ராஜ் செட்டி, ஹென்ட்ரென், காட்ஸ் என்ற பொருளியலாளர்கள் மூவரும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கிய பின் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். 13 வயதுக்குள் மாறிய பிள்ளைகளின் வருமானம் இருபதுகளின் நடுவில் 31 விழுக்காடு கூடியிருந்தது. அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களிடம் ஆதாயம் இல்லை, கொஞ்சம் பாதகம்கூடத் தெரிந்தது.

இதை அப்படியே உங்கள் வீட்டில் ஒட்டிவிடக் கூடாது. அது ஏழைக் குடும்பங்களைப் பற்றியது, நகரம் விட்டு நகரம் போவதைப் பற்றியதும் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, பிள்ளைகளுக்குப் பலன் வந்தது குடியிருப்புப் பகுதியால். பெரிய நகரத்தின் சுமாரான மூலைக்குப் போய், இருக்கிற ஊரின் நல்ல பகுதியை விட்டால் பிள்ளைகளுக்கு அது இறக்கம்தான். இன்னொன்று, பெரிய பிள்ளைக்கு மாற்றத்தின் பலன் சேர நாள் போதாது, இடைஞ்சல் மட்டும் முழுசாக வந்து சேரும்.

நடைமுறையில் பார்க்க வேண்டியவை: பாடத்திட்டம் ஒன்றா, மொழிப்பாடத்தில் என்ன தேர்வு இருக்கிறது, கணக்கிலும் அறிவியலிலும் இந்த ஆண்டு எந்த அலகு வரை முடித்திருப்பாள், அங்கே எதுவரை. கடைசி வேறுபாடுதான் ஆளைக் கவிழ்க்கும். இங்கே அடுத்த ஆண்டு வருவதை அங்கே போன ஆண்டே முடித்திருப்பார்கள், இடையில் ஓர் அலகு இரண்டு இடத்திலும் நடக்காமலே போகும். இரண்டு பள்ளிகளின் ஆண்டுத் திட்டத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு மணி நேர வேலைதான். பள்ளி இறுதித் தேர்வுக்கு இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் நடுவில் அசைக்காமல் இருப்பதே மேல்.

வீடு தேடும் வரிசையிலும் பலர் சறுக்குகிறார்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பிடித்து, பிறகு பள்ளி தேடுகிறார்கள். தலைகீழாகப் போங்கள். முதலில் இடம் காலியுள்ள பள்ளி, அதிலிருந்து அரை மணி தூரத்துக்குள் வீடு, கடைசியில் அலுவலகப் பயணம். அலுவலகம் இடம் மாறலாம், நீங்களே வேலை மாறலாம், பள்ளி அத்தனை சுலபமாக மாறாது.

பயண நேரத்தையும் சும்மா விடாதீர்கள். ஃப்ரே, ஸ்டட்சர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் ஜெர்மானியத் தரவை வைத்து 2008-இல் எழுதியது: நீண்ட பயணம் போகிறவர்களுக்குச் சம்பளமும் வீடும் அதை ஈடுகட்டியிருக்க வேண்டும், ஆனால் பயணம் நீள நீள வாழ்க்கைத் திருப்தி குறைந்துகொண்டே போனது. வரைபடச் செயலியில் ஞாயிறு மதியம் காட்டும் 35 நிமிடத்தை நம்ப வேண்டாம். வேலை நாள் காலை 7.45-க்கு அந்த வீட்டு வாசலில் நின்று பள்ளி வரைக்கும், அங்கிருந்து அலுவலகம் வரைக்கும் போய்ப் பாருங்கள். மழை பெய்தால் இன்னும் விசேஷம்.

---

குறுக்குச்சால்:

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன், மன்னிக்கவும். பேரேடு போட்டது முதல் மாதத்துக் கணக்கு. பெருநகரத்துக்குப் போவதன் லாபம் முதல் மாதத்தில் தெரியாது.

டி லா ரோகா, பூகா என்ற பொருளியலாளர்கள் இருவரும் ஸ்பெயின் நாட்டுத் தொழிலாளர்களின் வேலை வரலாற்றை ஆண்டு ஆண்டாகத் தொடர்ந்து பார்த்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாட்ரிட், பார்சிலோனா போன்ற இடங்களில் பெறும் அனுபவத்துக்குச் சம்பளத்தில் கூடுதல் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. முக்கியமான பகுதி அடுத்தது: அங்கிருந்து சின்ன ஊருக்குத் திரும்பினாலும் அந்த மதிப்பு பெரும்பாலும் கூடவே வருகிறது. அதாவது ஐந்து, ஆறு ஆண்டு போய்விட்டுத் திரும்புவது என்பது தோல்வி இல்லை, அதுவே ஒரு திட்டமாக இருக்கலாம்.

அதற்கு நிபந்தனை உண்டு. இப்போது பார்க்கும் அதே வேலையை, அதே கருவியில், பெரிய கட்டடத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிறீர்கள் என்றால் புதிதாக ஏறுவது ஒன்றுமில்லை. மேலே இருப்பவரிடம் கற்க ஏதும் உண்டா, உங்கள் துறையில் அந்த நகரத்தில் எத்தனை நிறுவனம் இருக்கிறது, இந்த வேலை போனால் வீடு மாறாமலே அடுத்த வேலைக்குப் போக முடியுமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், அது ஒரு காப்பீடு மாதிரி. இப்போதைய ஊரில் உங்கள் துறையில் மொத்தமே இரண்டு, மூன்று இடம்தான் என்றால் அந்தக் காப்பீடு உங்களுக்கு இன்று இல்லை. சேமிப்பு 20 என்று எழுதும்போது இந்த ஆபத்துக்கு விலை போடவில்லை.

இதே அளவுகோலை மனைவிக்கும் வையுங்கள். அவர் துறை என்ன? அதைச் சொல்லாமல் 30, 45, 55 என்று பேசுவது காற்றில் வீடு கட்டுவது.

---

படிக்கட்டு:

எல்லோருக்கும் நன்றி. கேட்டவற்றுக்குப் பதில்.

மனைவி கணக்கியல், ஒரு நடுத்தர நிறுவனத்தில். அங்கே வேலைவாய்ப்பு நிறைய இருக்கிறது, 40-லிருந்து 50-க்குள் கிடைக்கும் என்று விசாரித்ததில் தெரிகிறது. ஆனால் நேரில் அங்கே இல்லாதவரை நேர்காணலுக்கு யாரும் அழைப்பதில்லை. எனக்கு வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீட்டிலிருந்து. இடமாற்றத் தொகையாக வரி போக 60 தருகிறார்கள், இரண்டு ஆண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். மகளுக்கு இந்தக் கல்வியாண்டு முடிய ஏழு மாதம் இருக்கிறது.

நான் மட்டும் முதலில் போய்ப் பார்ப்பது பயன்படுமா? வாடகை வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்களே, 40 என்பது அதைத் தாண்டிவிடுகிறதே?

---

பேரேடு:

30 விழுக்காடு விதியை வேத வாக்காக எடுக்காதீர்கள். அது அமெரிக்க அரசு வீட்டுத் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களிடம் எவ்வளவு வாடகை வாங்கலாம் என்பதற்கு வைத்த வரம்பு. 1969-இல் 25 விழுக்காடாக இருந்ததை 1981-இல் 30 ஆக்கினார்கள். உங்கள் வீட்டுக்குக் கேள்வி, வாடகையும் பயணமும் பள்ளியும் போன பிறகு கையில் நிற்கும் தொகை எவ்வளவு என்பதுதான்.

தனியாகப் போவதற்கு வருவோம். ஒற்றை அறை 16, சாப்பாடும் இதரமும் 9, ஊருக்கு வந்து போக 8. ஆக 33. இங்கே வீட்டுச் செலவில் நான்கும் போக்குவரத்தில் இரண்டும் குறைந்தால் 74. மொத்தம் 107. வரவு உங்கள் 98, மனைவியின் 30, ஆக 128. மிச்சம் 21. இன்றைக்குச் சேமிப்பதைவிட ஒன்று கூடுதல்!

குடும்பமாகப் போனால் மாதம் 22 துண்டு விழுகிற அதே சம்பளத்தில், தனியாகப் போனால் சேமிப்பு அப்படியே நிற்கிறது. காரணம் பெருநகரத்தில் விலை ஏறுவது குடும்பத்துக்கு வேண்டிய மூன்று பொருளில்: படுக்கையறை, பள்ளி இடம், குழந்தைப் பராமரிப்பு. தனி ஆள் மூன்றையும் வாங்குவதில்லை.

ஆகவே ஏழு மாதம் தனியாக இருப்பது மகளின் ஆண்டையும் காப்பாற்றும், பணத்தையும் காப்பாற்றும். இந்தக் கணக்கில் வராத செலவு ஒன்று இருக்கிறது: ஏழு மாதமும் மனைவி வேலை, இரண்டு பிள்ளைகள், வீடு என மூன்றையும் தனியாக இழுக்க வேண்டும். மாமியார் பக்கத்தில் இருப்பதால்தான் இந்த யோசனையே நிற்கிறது. அவருக்கு இது சம்மதமா என்று தனியாகக் கேளுங்கள், உங்கள் முன்னால் கேட்டால் சரி என்றுதான் சொல்வார்.

முடியும் தேதியை முன்பே எழுதிவையுங்கள். தேதி வைக்காமல் தனியாகப் போகிற ஏற்பாடு மலிவாக இருப்பதாலேயே நீண்டுகொண்டு போகும்.

இன்னொன்று, தனி அறையில் இருந்துகொண்டு நகரத்தை எடைபோட்டால் தவறான நகரத்தை எடைபோடுவீர்கள். அலுவலகத்துக்கு நடந்துபோய், கடைத்தெருவில் சாப்பிட்டு வாழும் ஊர் வேறு, குடும்பம் குடியேறப்போகும் புறநகர் வேறு. மூன்றாம் மாதமே அறையைப் பள்ளிப் பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மனைவியின் வேலைக்கு ஒரு வழி: நேர்காணலுக்கு அழைக்கவில்லை என்றால், விண்ணப்பத்தில் புது ஊர் முகவரியையும் எந்த மாதம் முதல் அங்கே இருப்பார் என்பதையும் மேலேயே எழுதட்டும். உங்கள் அறை முகவரி அதற்கு உதவும். விடுப்பில் ஒரு வாரம் வந்து, நேர்காணல்களை அந்த வாரத்தில் அடுக்கிக்கொள்ளலாம்.

அவருக்கு 45 கிடைத்துக் குடும்பம் கிளம்பினால் மிச்சம் 10. இரண்டு இடத்தில் இன்னும் பிடிக்கலாம். வாரத்துக்கு மூன்று நாள்தான் அலுவலகம் என்பதால் இன்னும் இருபது நிமிடம் தள்ளி வீடு பார்த்தால், வாடகை 40 என்பது 32 ஆகலாம், போக்குவரத்து 3 கூடும், நிகரம் 5. ஆனால் மூன்று நாள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா? நாளைக்கு ஐந்து நாள் என்றால் அந்த இருபது நிமிடம் உங்களைக் கொல்லும். கடன் தவணை எப்போது முடிகிறது என்று சொல்லவில்லை, அது முடிந்தால் 8 வரும். இரண்டும் கைகூடினால் 23. கூடாவிட்டால் குறுக்குச்சால் சொன்ன எதிர்கால லாபத்துக்காக மாதம் 10 முதலீடு செய்கிறீர்கள் என்று தெரிந்தே போகலாம், அதில் தப்பில்லை.

---

மூட்டைமுடிச்சு:

மாதக் கணக்கு சரி. கிளம்பும்போது ஒரே மூச்சில் போகிற தொகையை யாரும் இன்னும் சொல்லவில்லை. உங்கள் அளவில் தோராயமாக:

சாமான் ஏற்றி இறக்க 20, வீடு தேடப் போய்வர 8, தரகு 20, முதல் மாதத் தற்காலிகத் தங்கல் 25, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாடகை ஓடும் ஒரு மாதம் 18, பொருந்தாத திரைச்சீலை முதல் அலமாரி வரை புதிதாக வாங்க 20, பள்ளிச் சேர்க்கை 25. மொத்தம் 136. நிறுவனம் தரும் 60 போக 76 கைக்காசு.

இதற்கு மேல் புது வீட்டு அட்வான்ஸ். அது ஊருக்கு ஊர் மாறும், 100 என்று வையுங்கள். பழைய வீட்டு அட்வான்ஸ் திரும்பி வரும், ஆனால் புதுசைக் கொடுத்து முடித்த பிறகுதான் வரும், அதிலும் வெள்ளையடிக்க என்று பிடித்தம் போகும். மனைவியின் வேலைக்கு ஆறு மாதம் இடைவெளி விழுந்தால் 22 வீதம் 132. எல்லாம் சேர்த்தால் 308, அதாவது இப்போதைய மூன்று மாத வரவு, ரொக்கமாக. அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் சேர்க்கக் கூடாது. பேரேடு சொல்கிறபடி வேலை கிடைத்த பிறகே குடும்பம் கிளம்பினால் அந்த 132 அப்படியே மிச்சம்.

திரும்ப எடுக்கும் காலத்தையும் பாருங்கள். புது ஊரில் சேமிப்பு 23, இங்கே 20 என்றால் மாதம் 3 தான் கூடுதல். 76-ஐ 3-ஆல் வகுத்தால் இரண்டு ஆண்டுக்கு மேல். பணத்துக்காக மட்டும் என்றால் இந்தப் பேரம் சரியில்லை, சம்பளத்தில் இன்னும் பிடிக்க வேண்டும்.

பிடிப்பது எப்படி? விலைவாசி அதிகம் என்று பொதுவாகச் சொன்னால் எல்லோருக்கும் அதே பதில்தான் வரும். கைக்கு 108 வர வேண்டும் என்று சொல்ல, இந்தச் செலவுப் பட்டியலையே ஒரு பக்கத்தில் காட்டலாம். சம்பளத்தை அசைக்க மாட்டோம் என்றால் மற்றவற்றைக் கேளுங்கள்: முதல் மாதத் தங்குமிடத்தை அவர்களே ஏற்பது, சேரும் தேதியைத் தள்ளுவது, முதல் ஏழு மாதம் மாதம் ஒரு வாரம் வீட்டிலிருந்தே வேலை. ஒருமுறை தரும் தொகைக்குச் சம்பள உயர்வைவிடச் சுலபமாகத் தலையாட்டுவார்கள், ஆண்டுதோறும் தொடராது என்பதால்.

திருப்பித் தரும் நிபந்தனையில் நான்கு வார்த்தையைத் தேடுங்கள். முழுத்தொகையா, மீதமுள்ள மாதங்களுக்கு ஏற்பக் குறைகிறதா? வரிக்கு முந்தைய தொகையா, கைக்கு வந்ததா? (முந்தையது என்றால் வாங்காத பணத்தையும் சேர்த்துக் கட்ட நேரும்.) நிறுவனமே அனுப்பிவிட்டால் பொருந்துமா? இரண்டு ஆண்டு சேர்ந்த நாளிலிருந்தா, தொகை வந்த நாளிலிருந்தா? அனுப்பிவிட்டால் பொருந்தாது என்பது எழுத்தில் இல்லாவிட்டால் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வாடகை விசாரிக்கும்போது விளம்பர விலைகளின் சராசரியை எடுத்தால் ஏமாறுவீர்கள். விலை கூடிய வீடு ஆள் வராமல் வாரக்கணக்கில் பட்டியலில் கிடக்கும், சரியான விலை வீடு இரண்டு நாளில் மறைந்துவிடும். எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் கண்ணில் படுவது பெரும்பாலும் மிஞ்சியது. ஒரு பகுதியைத் தேர்ந்து பதினைந்து வீட்டைக் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்து எவை போய்விட்டன என்று பாருங்கள். போனவற்றின் விலைதான் சந்தை விலை. அதோடு பராமரிப்புக் கட்டணம், வண்டி நிறுத்தம், தண்ணீர் உள்ளடக்கமா என்று தனித்தனியே கேளுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள், இரண்டாம் ஆண்டுதான் அது கடிக்கும்.

சாமானில் எதை எடுப்பது? மரத்தூளை அழுத்திச் செய்த தூள்பலகை அலமாரி, கட்டில்களை விட்டுவிடுங்கள். ஒருமுறை கழற்றினால் திருகுத் துளை பிடிமானம் விட்டுவிடும், மறுபடி பூட்டியதும் ஆட்டம் காணும். நல்ல மரச் சாமான் வரட்டும். முன்பக்கம் திறக்கும் துவைக்கும் இயந்திரம் இருந்தால், வாங்கியபோது பின்பக்கமிருந்து கழற்றிய நீளத் திருகாணிகள் எங்கே என்று இன்றே தேடுங்கள். அவற்றை முடுக்காமல் லாரியில் ஏற்றினால் உள்ளே உருளை ஆடி, தாங்கு கம்பிகள் போய்விடும்.

---

குறுக்குச்சால்:

பேரேடு போட்ட தனியாகப் போகும் கணக்கு எனக்கும் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த ஏழு மாதத்தில் வேலையையும் சோதியுங்கள். ஐந்தாம் மாதம் முடிவதற்குள் மேலாளர் சொன்னது போலப் புது வேலை கைக்கு வந்ததா, மூன்று நாள் ஏற்பாடு உண்மையிலேயே ஓடுகிறதா, அதே நகரத்தில் வேறு இரண்டு நிறுவனமாவது உங்களிடம் பேசுமா என்று பாருங்கள். மூன்றில் இரண்டு இல்லை என்றால், 60-இல் எவ்வளவு திருப்பித் தர நேரும் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். அதுவரை செலவழிக்காமல் அந்த 60-ஐத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள்.

---

ஜன்னல்சீட்:

மகளிடம் எப்போது சொல்லப்போகிறீர்கள்? முடிவெடுத்துவிட்டுச் சொல்வதைவிட, இரண்டு பள்ளிகளை நீங்கள் வடிகட்டி, அதில் எது என்பதை அவள் தேர்ந்தெடுக்கும்படி விடுங்கள். போகலாமா வேண்டாமா என்ற பாரத்தை அவள் தலையில் வைக்க வேண்டாம். சேர்க்கை விண்ணப்பம் கல்வியாண்டு தொடங்கச் சில மாதம் முன்பே மூடிவிடும் இடங்கள் உண்டு, ஏழு மாதம் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். தேதியை இந்த வாரமே கேட்டுவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ், இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல், இரண்டு பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் அசலோடு கையில் எடுத்துப் போங்கள், லாரியில் ஏற்றாதீர்கள்.